கொக்கி விட்ட முடிச்சு

நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல் வந்த பஸ்ஸில், என் பக்கத்து சீட்டுப் பெண் ஃபோனில் கத்தினார்.

"கொக்கிக்கு முடிச்சை விட மனசில்லையாமா?"

வயலில் வைக்கோல் கட்டும் பழைய மிஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கணவர் ஸ்பீக்கரில் பதறினார்.

"மழை இருட்டிக்கிட்டு வருது புள்ள! முடிச்சுப் போடுற கொக்கியிலயே முடிச்சு மாட்டிக் கயிறு அறுந்துருது."

"அப்ப இறுக்கம் சாஸ்தி. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, கொக்கி ஸ்பிரிங் நட்டைக் கால் சுத்து தளத்துங்க."

பஸ்ஸே காதைத் தீட்டிக்கொண்டது. சற்று நேரத்தில் ஃபோனுக்குள் மிஷின் தடதடத்தது.

"விழுந்துருச்சு! முடிச்சு விழுந்துருச்சு! வைக்கோல் கட்டைத் தூக்கி எறிஞ்சும் அவுரல!"

பக்கத்து சீட்டுப் பெண் துள்ளி எழுந்து கைதட்டினார். கண்டக்டர் விசிலடித்தார்.

"மிஷின் வேலை பொம்பளைக்கு என்ன தெரியும்னு கேட்டது யாரு?" என்று ஃபோனில் கேட்டார் அந்தப் பெண்.

"நாந்தேன்," என்றது ஃபோன், பஸ் முழுக்கக் கேட்கும்படி.