அரைப் பிறந்தநாள்

கப்பல்துறை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண், வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்யும் கணவனோடு போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் பஸ் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் எட்டு வயது மகள்.

“ஆகஸ்ட் முப்பத்தொண்டு பிறந்தநாளுக்கு வர ஏலாது, ஆறு மாதத்தால அரைப் பிறந்தநாளுக்குக் கட்டாயம் நிப்பன் எண்டு பிள்ளைக்குச் சொன்னனீங்களெல்லோ? பெப்ரவரியில முப்பத்தொண்டு இருக்கோ? கலண்டரைப் பாத்துப்போட்டு ராவெல்லாம் அழுதவள்!”

“ஐயோ, நான் அதை யோசிக்கேல்லையப்பா. அப்ப மார்ச் முதலாம் திகதி வைப்பம்.”

“அண்டைக்கு லீவு தருவினமோ?”

“கேட்டுப் பாக்கிறன்.”

“போன வருசமும் இதே கதைதான் கதைச்சனீங்கள்!”

மகள் போனைப் பறித்தாள்.

“கேக்க வேண்டாம் அப்பா. நீங்கள் அந்தப் பெப்ரவரி முப்பத்தோராம் திகதியே வாங்கோ.”