பூட்டிய கடையில் வியாழக்கிழமைக் கச்சேரி

வெண்டல்: ...இல்லம்மா, சண்டைக்கு வரல. மூணு மாடி ஏறினதுல மூச்சு வாங்குது, அவ்வளவுதான். நிகழ்ச்சிப் பட்டியல் போடற டார்லா நீங்கதானே?

டார்லா: நான்தான். உட்காருங்க. நாற்காலியில கிடக்கற நாடக நோட்டீஸையெல்லாம் கீழ தள்ளிடுங்க. காபி குடிக்கறீங்களா?

வெண்டல்: வேண்டாம், நான் ஒரு நிமிஷத்துல...

டார்லா: குடிங்க. ஏரிக்காத்து ஆளை வெட்டுது. பிப்ரவரியில காபி வேணாம்னு சொல்ற மில்வாக்கிக்காரரை நான் நம்பறதில்ல. இந்தாங்க.

வெண்டல்: என்னம்மா இது, இப்படித் தளும்பத் தளும்ப ஊத்திட்டீங்க.

டார்லா: கைப்பழக்கம். பார்த்துப் பிடிங்க... ம். சொல்லுங்க, மிஸ்டர்...

வெண்டல்: க்ரூகர். வெண்டல்னே கூப்பிடுங்க. முப்பது வருஷம் இந்த ஊர்ல பஸ் ஓட்டினேன். இப்ப சும்மா இருக்கேன். உங்க பத்திரிகையை வாராவாரம் சலவைக் கடையில இலவசமா வச்சிருக்கறதை எடுத்து ஒரு வரி விடாம படிப்பேன். துணி காயறதுக்குள்ள முடிச்சிருவேன்.

டார்லா: அவ்வளவு சீக்கிரமாவா? நான் அதை எழுத ஒரு வாரம் சாகறேன்.

வெண்டல்: ஓவியக் கண்காட்சியை மட்டும் விட்டுருவேன். எனக்கு ஒண்ணும் புரியாது. பாட்டு, வாத்தியம், கவிதை வாசிக்கறது, எல்லாம் படிப்பேன். போகமாட்டேன். படிப்பேன்.

டார்லா: பரவாயில்ல. இந்த ஊர்ல பாதிப் பேர் அப்படித்தான்.

வெண்டல்: இது நீங்க எழுதினதா பாருங்க. சட்டைப் பையில வச்சு வச்சுக் கொஞ்சம் கசங்கிருச்சு.

டார்லா: ...கத்தரிச்சு வச்சிருக்கீங்களா?

வெண்டல்: படிக்கறேன். "நீலக் கெட்டில் காபிக் கடை. வியாழன்தோறும் மாலை ஏழு மணி. யார் வேண்டுமானாலும் மேடையேறலாம். முதன்முறை வாசிப்பவர்களுக்கு இதைவிட இதமான கூட்டம் இந்த நகரில் கிடையாது." பக்கத்துல ஒரு நட்சத்திரம் வேற.

டார்லா: நான் எழுதினதுதான்.

வெண்டல்: அந்தக் கடையை அக்டோபர்லயே மூடிட்டாங்கம்மா.

டார்லா: தெரியும்.

வெண்டல்: தெரியுமா?

டார்லா: அதாவது... இன்னைக்குக் காலையிலதான் தெரியும். வெண்டல், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்ககிட்ட பேசறதுன்னு தெரியல. நாலு மாசமா பூட்டின கடைக்கு நட்சத்திரம் குடுத்துட்டு இருந்திருக்கேன்.

வெண்டல்: எப்படி...

டார்லா: புதுசா வர்ற நிகழ்ச்சின்னா போன் பண்ணி விசாரிப்போம். நேரம், இடம், சக்கர நாற்காலி உள்ள போகுமா, எல்லாம் கேட்போம். வாராவாரம் நடக்கறதை மட்டும் யாரும் கேட்கறதில்ல. போன வாரப் பக்கத்துல இருந்து அப்படியே தூக்கி இந்த வாரத்துல வைக்கறது. தேதியை மாத்தறது. முடிஞ்சது வேலை.

வெண்டல்: ஓ.

டார்லா: நீங்க... வியாழக்கிழமை அந்தப் பனியில போய் நின்னீங்களா?

வெண்டல்: தோள்ல மாட்டி வாசிக்கற என் அக்கார்டியன் பெட்டி இருபத்தஞ்சு பவுண்டும்மா.

டார்லா: கடவுளே. அதைத் தூக்கிட்டா? மன்னிச்சுக்குங்க. நேத்து ஒரு ஆள் எழுதின கடிதத்தையும் இன்னைக்குத்தான் பிரிச்சேன், தன் ரெண்டு பொண்ணுங்களை வயலினோட கூட்டிட்டுப் போய், பூட்டின கதவுக்கு முன்னாடி அரைமணி நேரம் நின்னாராம். திருத்தம் எழுதிட்டேன். மூணு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகுது. நாளைக்கு வந்துரும்.

வெண்டல்: அதுக்குத்தான் வந்தேன்.

டார்லா: கண்டிப்பா போட்டுடறேன். முதல் பக்கத்துலயே...

வெண்டல்: போடாதீங்க.

டார்லா: என்ன?

வெண்டல்: திருத்தம் போடாதீங்கன்னு கேட்கத்தான் வந்தேன். பேசாம அந்த நாலு வரியை எடுத்துடுங்க. இருந்த இடம் தெரியாம போகட்டும்.

டார்லா: திருத்தம் போடுன்னு மிரட்ட வருவாங்க. போடாதேன்னு கேட்டு மூணு மாடி ஏறின முதல் ஆள் நீங்கதான். ஏன்?

வெண்டல்: அதை விடுங்களேன்...

டார்லா: காபியைக் கீழ வச்சுட்டுச் சொல்லுங்க.

வெண்டல்: இருக்கட்டும், கைக்குக் கதகதப்பா இருக்கு... எனக்கு ஒரு பொண்ணு. ஹைடி. அவளும் உங்க பத்திரிகையைப் படிப்பா. சின்ன வயசுல நான்தான் பழக்கினேன். எங்க போகலாம்னு ரெண்டு பேரும் பேனாவால வட்டம் போடுவோம். போகமாட்டோம். எனக்கு எப்பவும் வேற வேலை இருக்கும்.

டார்லா: பஸ் வேலையா?

வெண்டல்: பிரான்டி வேலை.

டார்லா: ...ம்.

வெண்டல்: அவ கல்யாணத்துல எல்லாரும் ஆட நான்தான் போல்கா வாசிக்கறேன்னு வாக்குக் குடுத்தேன். மத்தியானமே ஆரம்பிச்சுட்டேன், வாசிக்க இல்ல. அப்பல்லாம் ஒரு கப்பைக் கையில நேரா பிடிக்க முடியாதும்மா எனக்கு. ரெண்டாவது பாட்டுல பெட்டியோட சேர்ந்து கேக் மேல விழுந்தேன். இருநூறு பேர் முன்னாடி. மாப்பிள்ளையோட அம்மா என் காலர்ல இருந்து கிரீமைத் துடைச்சு விட்டாங்க. அந்த அம்மா திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

டார்லா: எப்ப நடந்தது?

வெண்டல்: மூணு வருஷம் ஆச்சு. இப்ப பிரான்டியைத் தொட்டே பதினாலு மாசம் ஆச்சு. வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு எல்லாரும் பீரோட உட்கார்ந்தாக்கூட எனக்கு எலுமிச்சை ஜூஸ்தான். பரிமாறற பொண்ணு சிரிக்கும். சிரிச்சுட்டுப் போகட்டும்.

டார்லா: அப்புறம் இந்தத் துண்டுக் காகிதத்தைப் படிச்சீங்க.

வெண்டல்: "இதைவிட இதமான கூட்டம் கிடையாது." இதைப் படிச்சதும், சரி, விழுந்தாலும் இங்க விழலாம்னு தோணுச்சு. ஹைடிக்கு எழுதினேன், வியாழக்கிழமை வாசிக்கப் போறேன், முடிஞ்சா வான்னு. அவ்வளவுதான் எழுதினேன். அதுக்கே ரெண்டு நாள் ஆச்சு.

டார்லா: பாவம், அந்தப் பொண்ணும் வந்து பூட்டின கதவுக்கு முன்னாடி நின்னுதா? அப்ப திருத்தம் வந்தாத்தானே உங்க மேல தப்பில்லன்னு...

வெண்டல்: அவளுக்குக் கதவு பூட்டியிருந்தது தெரியாது.

டார்லா: வந்தா எப்படித் தெரியாம போகும்?

வெண்டல்: வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் போன்ல செய்தி அனுப்பினா. இருங்க... இதோ. "அப்பா, பின்னாடி நின்னு கேட்டேன். ரொம்ப நல்லா வாசிச்சீங்க. குழந்தைக்குத் தூக்கம் வந்துருச்சு, அதான் சொல்லாம கிளம்பிட்டேன்."

டார்லா: பின்னாடி நின்னு... கேட்டாளா?

வெண்டல்: ஆமா.

டார்லா: நாலு மாசமா பூட்டிக் கிடக்கற கடையில.

வெண்டல்: ஆமாம்மா.

டார்லா: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னா இதுதான். சரி, ஆனா நீங்க அங்கதானே இருந்தீங்க, கதவு பூட்டியிருந்ததைப் பார்த்தீங்களே... அந்தச் செய்திக்கு என்ன பதில் போட்டீங்க?

வெண்டல்: "நன்றிம்மா. கை நடுங்கிடுமோன்னு பயந்தேன். ஆனா நல்லபடியா வாசிச்சுட்டேன்."

டார்லா: வாசிச்சேன்னா?

வெண்டல்: நான் போகவே இல்லம்மா. கோட்டு மாட்டி, பூட்ஸ் மாட்டி, பெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு என் வீட்டுக் கதவுக்கு உள்பக்கமே எட்டரை மணி வரைக்கும் நின்னேன். தாழ்ப்பாளைத் தொடறது, எடுக்கறது. கண்ணு முன்னாடி அந்தக் கேக்தான். அப்புறம் உட்கார்ந்துட்டேன், கோட்டோடயே. அப்பதான் செய்தி வந்தது.

டார்லா: குடிச்சீங்களா?

வெண்டல்: இல்ல. சத்தியமா இல்ல. வீட்டுல சொட்டு கிடையாது. ஆனா ஹைடிகிட்ட நான் ஒரு பொய் சொன்னாலே குடிச்சேன்னுதான் அர்த்தம். இருபது வருஷம் அப்படித்தான் இருந்தது, அவ மேல தப்பில்ல. நாளைக்கு உங்க திருத்தத்தைப் படிப்பா. அக்டோபர்லயே மூடின கடையில அப்பா எப்படி வாசிச்சார்னு யோசிப்பா. முடிஞ்சது.

டார்லா: அவளும்தானே பொய் சொல்லியிருக்கா.

வெண்டல்: அவ சொல்லலாம்.

டார்லா: அது என்ன நியாயம்?

வெண்டல்: முதல்ல நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நிஜமாவே வந்திருக்கா, குழந்தையைத் தூக்கிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கா, என்னைக் காணோம், என் மானம் போகக்கூடாதுன்னு இப்படி எழுதியிருக்கான்னு நினைச்சேன். ரெண்டு நாள் தூங்கல. சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். அன்னைக்கு யார் யார் வாசிச்சாங்கன்னு கேட்டு வச்சுக்கிட்டா, அவ ஏதாவது விசாரிச்சா சொல்லலாமே.

டார்லா: பொய்க்கு முட்டுக்குடுக்கப் போனீங்க.

வெண்டல்: போய்ப் பார்த்தா ஜன்னல் பூராவும் பலகை அடிச்சு, அக்டோபர்லயே மூடினதா நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அப்பதான் புரிஞ்சுது, அவளும் வரல. பாதி நிம்மதி. பாதி ஏமாத்தம். நீங்க ஏன் தலையைக் குனிஞ்சுக்கறீங்க?

டார்லா: அந்த வரி. இதமான கூட்டம்னு எழுதினேனே.

வெண்டல்: நல்ல வரிம்மா அது.

டார்லா: நான் அந்தக் கடைக்கு ஒரு நாள்கூடப் போனதில்ல.

வெண்டல்: ஒரு நாள்கூட?

டார்லா: கடைக்காரர் மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். எழுத்து அழகா இருந்தது. பக்கத்துல நாலு வரி இடம் காலியா இருந்தது. என் வாய்க்கு வந்ததை எழுதி நட்சத்திரத்தை ஒட்டினேன். அதை நம்பி நீங்க... உங்க பொண்ணைக் கூப்பிட்டிருக்கீங்க.

வெண்டல்: அப்ப நாம மூணு பேருமே போகாத இடத்தைப் பத்தித்தான் பேசிட்டிருக்கோம்.

டார்லா: சிரிக்காதீங்க. எனக்கு அழுகை வருது.

வெண்டல்: சிரிக்கலம்மா.

டார்லா: இன்னொண்ணும் சொல்லிடறேன். நீங்க போடாதீங்கன்னு கேட்டதும் எனக்குள்ள ஒரு ஆள் குதிச்சான். நல்லதாப் போச்சு, வாசகரே கேட்டுக்கிட்டார்னு சொல்லி அமுக்கிடலாம்னு. ஆசிரியரும் அதையேதான் சொன்னார், சத்தம் போடாம எடுத்துடுன்னு. உங்க பேரைச் சொல்லி என் மானத்தைக் காப்பாத்திக்கப் பார்த்தேன்.

வெண்டல்: எடுத்துட்டா போதும்தானே?

டார்லா: போதாது. வசந்த கால மலர்னு ஒண்ணு போன வாரமே வந்துருச்சு. மே மாசம் வரைக்கும் இருக்கற அத்தனை வியாழக்கிழமையும் அதுல இருக்கு, நட்சத்திரத்தோட. ஊர் பூரா ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருப்பாங்க. திருத்தம் போடலன்னா ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருத்தர் கிதாரைத் தூக்கிட்டு அந்தப் பலகைக்கு முன்னாடி போய் நிப்பாங்க.

வெண்டல்: முதல் தடவை வாசிக்கறவங்க.

டார்லா: ஆமா. உங்களை மாதிரி, கதவைத் திறக்கவே ரெண்டு மணி நேரம் ஆகறவங்க. மணி ரெண்டே முக்கால். நீங்க வேண்டாம்னா... நீங்க சொல்லுங்க.

வெண்டல்: என்னைக் கேட்காதீங்கம்மா.

டார்லா: வேற யாரைக் கேட்பேன்?

வெண்டல்: ...அந்த வயலின் பொண்ணுங்களுக்கு என்ன வயசு?

டார்லா: பெரியவளுக்குப் பதினொண்ணுன்னு எழுதியிருந்தார்.

வெண்டல்: கதவு வரைக்கும் வந்திருக்குதுங்க. நான் வரலையே.

டார்லா: வெண்டல்...

வெண்டல்: போடுங்க. அக்டோபர்லயே மூடிட்டாங்கன்னு தெளிவாப் போடுங்க. ஹைடி படிக்கட்டும். கேட்டா, கதவுக்கு உள்ளயே நின்னேன்னு சொல்லிடறேன். நம்பினா நம்பட்டும். குடிச்சேன்னு நினைச்சா நினைக்கட்டும், அது நான் சம்பாதிச்ச பேர்தானே. நான் கிளம்பறேன். காபி ஆறிப்போச்சு, மன்னிச்சுக்குங்க, பேச்சு மும்முரத்துல குடிக்கவே இல்ல.

டார்லா: உட்காருங்க. கப்பைக் குடுத்துட்டுப் போயிடாதீங்க. இன்னும் நான் முடிக்கல.

வெண்டல்: இன்னும் என்னம்மா?

டார்லா: கடை மூடினது காலையிலதான் தெரியும்னு சொன்னேன்ல. யார் சொன்னாங்கன்னு நீங்க கேட்கல. எட்டரை மணிக்கு ஒரு பொண்ணு போன் பண்ணா. கடையை மூடினதை எப்படியும் யாராவது எழுதுவாங்க, அப்ப திருத்தம் போடாதீங்கன்னு கெஞ்சினா.

வெண்டல்: ...யாரு?

டார்லா: வியாழக்கிழமை குழந்தைக்குக் கோட்டு மாட்டிட்டு, கேக் ஞாபகம் வந்து திரும்பக் கழட்டிட்டாளாம். ஞாயித்துக்கிழமை அந்தக் கடைக்குப் போயிருக்கா, அப்பா என்ன பாட்டு வாசிச்சார்னு கேட்டு வச்சுக்க. அப்பனுக்குத் தப்பாத பொண்ணு. "எங்கப்பா வாசிச்சேன்னு எழுதியிருக்கார், அது பொய்னு எனக்குத் தெரிஞ்சது அவருக்குத் தெரியவேண்டாம், கூசிப்போயிடுவார்"னு சொன்னா. உங்ககிட்ட சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்தேன், மீறிட்டேன்.

வெண்டல்: ஹைடியா... என் ஹைடியா பேசினா?

டார்லா: கடைசியா ஒண்ணு கேட்டா. "அவர் உங்க ஆபீசுக்கு வந்தாலும் வருவார். வந்தா விளிம்பு வரைக்கும் காபி ஊத்திக் கையில குடுங்க, ஆடுதான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க"ன்னு. சொல்லவே வாய் கூசுது வெண்டல், நான் ஊத்திக் குடுத்துட்டு, இவ்வளவு நேரமும் உங்க மூஞ்சியைப் பார்க்காம கப்பையே பார்த்துட்டிருந்தேன். அவ நம்பர் உங்க போன்லயே இருக்கு, நீங்களே சொல்லிடுங்க... ஒரு சொட்டுகூடச் சிந்தலன்னு.