மேலுதட்டுக்கு அடியில்

எனக்கு மேசை சுத்தமாக இருக்க வேண்டும். அதைத் தவிர மற்றவர்களிடம் நான் எதையும் பெரிதாக எதிர்பார்த்ததில்லை.

எங்கள் அருங்காட்சியகத்தின் பாடம் செய்த பறவைகளைப் புதிய கிடங்குக்கு மாற்றும் வேலை எனக்கும் ரூனேவுக்கும். அந்தக் காலத்தில் தோல் கெடாமலிருக்க உள்ளே ஆர்செனிக் தடவுவார்கள். எதில் எவ்வளவு விஷம் என்று பார்க்கத் துப்பாக்கி போன்ற ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். பறவையின் மார்பில் வைத்து அழுத்தினால் திரையில் காட்டிவிடும். சோதிப்பது நான். தூக்குவது அவன்.

ரூனே ஸ்னூஸ் போடுகிறவன். ஈரப் புகையிலையை விரலால் உருட்டி மேலுதட்டுக்கு அடியில் செருகுவான். பல்லிடுக்கில் பழுப்பாகச் சாறு வழியும். ஊறி முடிந்த உருண்டையை எடுத்து என் காபித் தட்டில் வைப்பான். நாய் கக்கியதுபோல் பளபளவென்று கிடக்கும். சொல்லிப் பார்த்தேன்.

"இதுக்குப் போயா மூஞ்சியச் சுளிக்கிற? கழுவுனாப் போச்சு," என்று சிரித்தான்.

முதல் கழுகைச் சோதித்ததுமே நான் கையுறை மாட்டிக்கொண்டேன்.

"எனக்கும் வேணுமா?" என்று கேட்டான்.

"உனக்கெதுக்கு? எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு. எனக்குத் தூசி ஒத்துக்காது, அதான்."

குளிர்காலம் முழுக்க வெறுங்கையால் தூக்கினான், அதே விரலால் உருட்டினான். ஒருநாள் அவன் வெளியே போயிருந்தபோது அவனுடைய ஸ்னூஸ் டப்பாவில் கருவியை வைத்துப் பார்த்தேன். ஆர்செனிக். டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்தேன். மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

அவன் உள்ளங்கை தடித்தது. கால் மரத்துப்போனது. வாந்தி எடுக்க ஒரு வாளியை மேசைக்கடியில் வைத்துக்கொண்டே வேலை பார்த்தான். அந்த நாற்றத்தில்தான் நான் சாப்பிட வேண்டியிருந்தது.

அவன் மனைவி யோர்டிஸ் தொலைபேசியில் கேட்டாள். "டாக்டர் கேக்குறாரு, அங்க விஷம் கிஷம் ஏதாவது இருக்கா?"

"தூசிதான் யோர்டிஸ். வேற ஒண்ணுமில்ல."

பனி உருகுவதற்குள் இறந்துபோனான். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். ஆனால் ஒரு துளியைக்கூட நான் அவன் வாயில் வைக்கவில்லை. அவனேதான் வைத்துக்கொண்டான்.

அடக்கத்தன்று யோர்டிஸ் மூக்கைத் துடைத்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசிவரைக்கும் நீதான் அவர் பக்கத்துல இருந்த," என்றாள். உடனே போய்ச் சோப்புப் போட்டுத் தோல் சிவக்கும்வரை தேய்த்துக் கழுவினேன். சிலருக்கு அடுத்தவர்மேல் கொஞ்சமும் அக்கறை கிடையாது.