மடித்து அனுப்பும் காலேஜ்

காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள். ஜன்னலோரத்துப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே சொன்னது:

"எங்கம்மா தினமும் ஒரு காலேஜை மடிச்சு அட்டைப்பெட்டியில வெக்குது."

"என்னடி ஒளர்றே?"

"பனியன் கம்பெனியில பேக்கிங்டி. டீசர்ட்ல வெளிநாட்டுக் காலேஜ் பேரு அடிச்சிருக்கும்."

"அது கெடக்கட்டும். மெட்ராஸ்ல உனக்கு எம்.எஸ்ஸி. சீட் கெடச்சத அம்மாகிட்டச் சொன்னியா?"

"இல்லடி. நானும் போயிட்டா ஊட்ல அது ஒண்டியாத்தான் இருக்கோணும்."

"போக வேண்டாம்னுருமா?"

"'போ'ன்னுரும். அதான் பயமே. பெட்டிய ஒட்டறதுக்கு முன்னாடி துணிய ஒருக்காத் தடவிக் குடுக்குமாம். என்னையும் அப்படித்தான் அனுப்பும்."

காலேஜ் ஸ்டாப்பில் இறங்கும்போது அந்தப் பிள்ளை போனைக் காதில் வைத்திருந்தது.

"அம்மா, கம்பெனிக்குள்ள போயிட்டியா? ஒண்ணு சொல்லோணும்."