பூட்டு முதலில், ஆள் பிறகு

என் பெயர் வேதா, வயது 36, கணவர் பெயர் கிருஷ்ணகுமார். ஹைதராபாத் அல்வாலில் குடியிருக்கிறேன். குளிர்பதனக் கிடங்குகளுக்கு மின்பூட்டு செய்து தரும் நிறுவனத்தில் மென்பொருள் எழுதுகிறேன். எனக்குத் தெலுங்கு பேச வரும், இதை விளக்குமளவுக்கு வராது என்பதால் தலைமைக் காவலர் கோவிந்தராஜன் தமிழில் கேட்டு எழுதுகிறார்.

சென்ற செவ்வாயன்று போவன்பள்ளியில் ஒரு காய்கறிக் கிடங்கில் மின்சாரம் போய் வந்தபோது, தொழிலாளி புஷ்பா உள்ளே இருக்கையில் கதவு பூட்டிக்கொண்டது. திறக்கும் எண் மேற்பார்வையாளரிடம் மட்டுமே உண்டு, அவர் அங்கே இல்லை. வாட்ச்மேன் பிரசாத் கடப்பாரையால் பூட்டை உடைத்து, கை விறைத்துப்போயிருந்த புஷ்பாவை வெளியே தூக்கி வந்தார். அன்று காலை அவருக்கும் புஷ்பாவுக்கும் வாய்த்தகராறு நடந்ததால், பூட்டியதும் அவர்தான் என்று காவலில் வைத்திருப்பதாக அறிந்தேன்.

அதன் பின்பு நான் அலுவலகத்தில் அதே பூட்டைச் சோதித்தேன். எங்கள் மென்பொருளில் பூட்டு ஒரு பகுதி, உள்ளே இருக்கும் ஆட்களின் கணக்கு இன்னொரு பகுதி. மின்சாரம் வந்ததும் இரண்டும் புதிதாக எழும். எது முதலில் எழும் என்பது எங்களிடம் கோப்புப் பெயர்களின் ஆங்கில அகர வரிசைப்படி அமைந்துவிட்டது. கணக்குக் கோப்புக்கு நான் 'ஆள்' என்று பெயர் வைத்திருந்தேன், ஆங்கில எழுத்தில் எழுதும்போது 'ஏ'யில் தொடங்குவதால் அது முதலில் எழுந்தது. தமிழ்ப் பெயர் மற்றவர்களுக்குப் புரியாது என்று குழுத் தலைவர் சுதர்சன் சென்ற மாதம் அதை 'பர்சன்' என்று மாற்றினார். 'பி'க்கு முன்பே 'எல்' வருவதால் 'லாக்' என்ற பூட்டுக் கோப்பு முன்னே போய்விட்டது. பூட்டு எழுந்து, உள்ளே ஆள் உண்டா என்று கேட்டபோது கணக்கு இன்னும் எழவில்லை, அதன் இடத்தில் வெறும் பூஜ்யம் இருந்தது. ஆள் இல்லை என்று பூட்டிக்கொண்டது.

"ஹவ் அம்மா, பேரை மாத்தினா கதவு பூட்டிக்குமா? கைக்கு, ஏன் அப்படி?" என்று தலைமைக் காவலர் இந்த ஊர் உருது கலந்து கேட்டார்.

"பேரை நம்பி விட்டதுதான் தப்பு சார். எது முன்னாடி எழுந்தாலும், பூட்டு கேக்குற அந்த நிமிஷமே கணக்கு எழுந்து பதில் சொல்ற மாதிரி எழுதணும்" என்றேன். அலுவலகத்தில் அப்படி மாற்றி எழுதி ஏற்கனவே சோதித்துவிட்டேன், கதவு பூட்டவில்லை.

அந்தச் சோதனை முடிந்ததும் சுதர்சனிடம் சொன்னேன். "வாட்ச்மேன் கேஸ்ல நீ ஏன் தலையிடுற? கரண்ட் கோளாறுன்னு விட்டுடு" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது, நேரே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டேன்.

பூட்டை உடைத்தது பிரசாத்தான், அதை நான் மறுக்கவில்லை. மேற்பார்வையாளர் வரட்டும் என்று அவர் காத்திருந்தால், உள்ளே யாரும் இல்லை என்று எங்கள் பூட்டு சொன்னது உண்மையாகியிருக்கும்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை, யார் தூண்டுதலிலும் சொல்லவில்லை.

(ஒப்பம்) வேதா