நிமலனுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்

சாகல நானா, நான் சாகல! நல்லாப் பாருங்க. இந்தா, கையத் தொட்டுப் பாருங்க, சுடுதா? ம்... அந்த சீனிப் பார்சல அப்பிடி மேசையில வைங்க. அட, திருப்பிக் கொண்டு போகாதீங்க! கலேவெலயில இருந்து பஸ் மாறி மாறி செத்த வீட்டுக்குன்னு வந்துட்டீங்க, அந்த சீனியிலயே ஒரு தேத்தண்ணி ஊத்துறேன். இருங்க. வீட்ல ஆளில்ல. பொஞ்சாதி கிருஷாந்தினி கோவிச்சுக்கிட்டு பல்லேபொலைக்கு, அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா.

நீங்க மட்டும் இல்ல பஸீர் நானா. காலையில ஒரு அம்மா வாசல்லயே நின்னு அழ ஆரம்பிச்சிட்டாங்க. நான் சாரத்தோட வெளிய வந்து "யாரு?"ன்னேன். அவ்வளவுதான்... குடையப் போட்டுட்டு ஒரே ஓட்டம். அந்தா கெடக்கு பாருங்க குட.

என்னா செய்ய, எல்லாம் என் தலையெழுத்து. பகல் முழுக்க மீராசாஹிப் மொதலாளி கடையில மிளகு நிறுக்கிறேன், சாயந்தரம் வந்து ஒக்காந்து கத எழுதுறேன். எத்தன வருஷமா! யாராச்சும் வாசிக்கிறாங்களா? பேஸ்புக்குல ஒரு கத போட்டா மூணு லைக். ஒண்ணு கிருஷாந்தினி. ஒண்ணு நான். மத்தது மொதலாளி. அவருக்குக் கண்ணாடி இல்லாம எழுத்தே தெரியாது, வெரல் தவறிப் பட்டிருக்கும்.

அப்பதான் ஹம்சிகான்னு ஒரு புள்ள, எழுத்தாளருங்க இணையத்துல வாசகர எப்பிடிச் சேக்கிறதுன்னு சூம்ல வகுப்பு எடுத்துச்சு. நானும் சேந்தேன். "அங்கிள், நாளாந்தம் எதையாச்சும் போடுங்க. ஒரே மாதிரி டிசைன் வைங்க, பாத்த ஒடனே இது நிமலன்னு தெரியணும். சனங்க எதப் பாத்து நிக்கிறாங்களோ அதக் குடுங்க. ஒளிஞ்சிக்கிட்டு இருக்காதீங்க, ஒங்க மொகத்தக் காட்டுங்க"ன்னிச்சு. நல்ல புள்ள. அது சொன்னதுல ஒரு சொல்லு பிழையில்ல. அவ்வளவையும் அப்பிடியே செஞ்சேன், அதான் வெனை!

சனங்க எதப் பாத்து நிக்கிறாங்க? சொல்லுங்க பாப்போம். பக்கத்து வீட்டு சுந்தரம்மா தவறின நேரம் ஒரு படத்தப் போட்டு நாலு வரி எழுதினேன். அய்யோ நானா! எழுநூறு பேரு! யாரு யாரோ "ஓம் சாந்தி"ங்கிறாங்க, கைகூப்புறாங்க, அழுவுறாங்க. நான் பயந்தே போயிட்டேன். அதுக்குப் பெறகு மாத்தளைச் சுத்துவட்டாரத்துல யாரு கண்ண மூடினாலும் படம் மொதல்ல எனக்குத்தான் வரும்.

ஒங்க உம்மாவுக்கும் நாந்தானே போட்டேன். டிசைன்ல இருந்த குத்துவெளக்க எடுத்துட்டு பிறை வச்சேனே... என்னா காட்டுறீங்க? அட, அதயா இன்னும் ஃபோன்ல வச்சிருக்கீங்க? "பசியோட வந்த யாரையும் நீ யாருன்னு கேக்காத கை." ஆமா, நான் எழுதினதுதான். ஒங்க ஊட்டுல எல்லாருக்கும் மனப்பாடமா? சரி, இருக்கட்டும். அது எழுத்தா நானா? அது மரண அறிவித்தல்! நான் இலக்கியத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கேன், நீங்க ஒரு பக்கம்...

எங்க விட்டேன்? ஆ... என் கதப் புஸ்தகம். வாற ஞாயிறு வெளியீடு. பேஜ்ல போடணுமே. எனக்குத் தெரிஞ்சது ஒரே டிசைன். கறுப்பு ஓரம், நடுவுல வட்டத்துக்குள்ள படம், ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு. மொகத்தக் காட்டச் சொன்னிச்சில்ல, நல்ல படமாப் பாத்து என்னய வச்சேன். "எழுத்தாளர் உக்குவளை நிமலன். ஞாயிறு பிற்பகல் மூன்று மணி. உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் கலந்துகொள்ளவும்." புஸ்தக வெளியீடுன்னு கீழ சின்னதாப் போட்டிருந்தேன். கீழ யாரு வாசிக்கிறாங்க? நீங்க வாசிச்சீங்களா? ...அதான்.

ஆயிரத்துக்கு மேல அனுதாபம் நானா! மொதலாளி எழுதியிருக்காரு, "உழைப்பாளி, நேர்மையானவர், ஈடுசெய்ய முடியாத இழப்பு"ன்னு. போன கெழமைதான் "மிளகுல தூசியப் பாரு சோம்பேறி"ன்னு ஏசினாரு! லீவு கேட்டதுக்கு மொறைச்ச மனுசன்.

ஆனா ஒண்ணு... ஸஜீதான்னு ஒரு டீச்சர். லொறியில மிளகு மூட்டைக்கு மேல படுத்துக்கிட்டு ஒருத்தன் தன்னோட கல்யாணத்துக்கே போற கத, என்னோடது. அத முழுசா வாசிச்சிருக்காங்க நானா. அவன் பாதியில லொறிய நிப்பாட்டி எறங்கிற எடத்துல அழுதாங்களாம். எப்பவோ வாசிச்சதாம்! அப்பவே ஒரு வார்த்த எழுதியிருக்கக் கூடாதா? இதக் கேக்க நான் சாக வேண்டியிருக்கு. வாசிக்க வாசிக்க கண்ணுல தண்ணி நிக்கல.

என்னா? ...உயிரோட இருக்கேன்னு ஒரு வரி போடலையான்னு கேக்குறீங்களா? தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

போடலாம்... போட்டிருக்கலாம். கிருஷாந்தினியும் அதத்தான் கேட்டா. செய்தி கேட்டு அவ அம்மா மயங்கி விழுந்துருச்சு. "இப்பவே அழிக்கிறியா, நான் போகவா?"ன்னு நின்னா. வெரல் வரல நானா. அழிச்சா டீச்சர் எழுதினதும் சேந்து போயிருமே? ஞாயிறு வரைக்குந்தான். மண்டபம் நெறஞ்சிரும், எல்லாரும் வெள்ள உடுப்போட வந்து ஒக்காருவாங்க, நான் மெதுவா மேடையில ஏறி... ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? வெளிய யார்ட்டயும் சொல்லிறாதீங்க, என்னா? ஃபோன்ல என்னமோ தட்டுறீங்க, சரி சரி, தட்டுங்க. உள்ள போயி ஒங்களுக்கு ஒரு புஸ்தகம் எடுத்துட்டு வாறேன், கையெழுத்துப் போட்டு...

பஸீர் நானான்னு போட்டா போதுமா, முழுப்பேரு போடவா? ...நானா? எங்க ஆளக் காணல? செருப்பையும் காணல!

அட, ஃபோன்ல என்னமோ வந்திருக்கு. நானாதான் பேஸ்புக்குல போட்டிருக்காரு. ஐயையோ, என் படம்! வாயத் தொறந்துக்கிட்டு... "நிமலன் உயிரோட இருக்கார், அல்ஹம்துலில்லாஹ். தேத்தண்ணி ஊத்தித் தந்தார். ஞாயிறு வந்து புத்தகம் வாங்குங்க."

எத்தன லைக்? ...ஒண்ணு. செத்ததுக்கு ஆயிரம், இருக்கிறதுக்கு ஒண்ணு! யாரு அது...

ரெண்டு நாளா என் ஃபோன எடுக்காதவ. கிருஷாந்தினி.