எட்டாம் மாத வளையல்கள்

சிந்து: எட்டாம் மாசத்துல யாராவது வளைகாப்பு போடுவாங்களா அத்தை?

வேதநாயகி: நான் போடுவேன். கையை நீட்டு.

சிந்து: ஏழுல கேட்டதுக்கு, "என் பையன் கப்பல்ல இருந்து வரட்டும், ஒம்பதுல ஜோரா பண்ணலாம்"னீங்க. இன்னைக்கு விடிஞ்சதும் வளையலோட நிக்கிறீங்க. எதிர்வீட்டு வீணா அக்காகூட "யாக்கே இஷ்டு அவசர", ஏன் இவ்ளோ அவசரம்னு கன்னடத்துல கேட்டுச் சிரிக்கிறாங்க.

வேதநாயகி: சிரிச்சுட்டு வந்து புளிசாதம் சாப்பிடட்டும். விரலை மடக்கு... உங்கம்மா வெறும் எலும்பா வளர்த்து அனுப்பியிருக்காங்க.

சிந்து: சதை போடுறது உங்க பொறுப்புன்னு அப்பவே சொன்னாங்க... இருங்க அத்தை. நீங்களேவா போடுறீங்க?

வேதநாயகி: ஏன், எனக்குப் போடத் தெரியாதா?

சிந்து: அதில்ல... மாமா போனதுல இருந்து எந்த நல்ல காரியத்துலயும் ஒதுங்கித்தானே நிப்பீங்க. வீணா அக்கா வந்து முதல் வளையல் போடட்டுமே.

வேதநாயகி: இன்னைக்கு நானே போடுறேன்.

சிந்து: அவர் வரட்டும் அத்தை. வந்துடுவார்.

வேதநாயகி: எப்போ?

சிந்து: அதான்... கப்பல் சிக்னல் கிடைக்காத கடல்ல போகுதாம். கம்பெனில சொன்னாங்க.

வேதநாயகி: கடல்லயும் சிக்னல் இல்ல. நம்ம டிவியிலயும் இல்ல.

சிந்து: அது கேபிள் ரிப்பேர். நம்ம அடுகோடி ஏரியா முழுக்கவே...

வேதநாயகி: கேபிள்கார முனிராஜை ரோட்ல பார்த்தேன். "உங்க மருமகதாம்மா நிறுத்தச் சொல்லிச்சு"ன்றான்.

சிந்து: முனிராஜா சொன்னான்?

வேதநாயகி: கையை இறுக்காதே. உடைஞ்சுடும்.

சிந்து: உங்களுக்கு பிபி... அந்தக் கப்பலையே திருப்பித் திருப்பிக் காட்டினாங்க. அதான்.

வேதநாயகி: சோமாலியாக் கொள்ளைக்காரனுங்க கப்பல்ல ஏறின மறுநாளே எனக்குத் தெரியும். பால் பூத்துல பேப்பர் தொங்குதே.

சிந்து: தெரிஞ்சுக்கிட்டேவா தினமும் "அஷ்வின் போன் பண்ணானா"ன்னு கேட்டீங்க?

வேதநாயகி: கேக்கலைன்னா உனக்கு சந்தேகம் வரும். புள்ளத்தாச்சி.

சிந்து: நல்லா நடிச்சோம் போங்க, ரெண்டு பேரும்.

வேதநாயகி: நீ சுமாராத்தான் நடிச்சே. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதா வெளிய கேக்காதா?

சிந்து: எனக்கு ஒரு தடவை போன் வந்துச்சு அத்தை. கொஞ்ச நேரம் பேச விட்டானுங்க. அவனுங்களுக்கும் இவர்தான் சமைக்கிறாராம். "சோறு வடிக்கிறவனை எவனும் தொட மாட்டான், நம்ம அடுகோடி யூஜினும் கூட இருக்கான், அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே"ன்னார்.

வேதநாயகி: எங்கிட்ட, "சிந்துகிட்ட சொல்லிடாதே"ன்னான்.

சிந்து: உங்களுக்கும் பண்ணாரா!

வேதநாயகி: பண்ணான். அடுத்து பச்சையா, சிவப்பா?

சிந்து: நேத்து சாயங்காலம் போனை எடுத்துட்டு மாடிக்குப் போனீங்களே... அதுவும் அவரா?

வேதநாயகி: சிவப்பே போடலாம். இந்தக் கை முடிஞ்சது. அதைக் குடு.

சிந்து: அவரான்னு கேட்டேன்.

வேதநாயகி: ...யூஜின்.

சிந்து: யூஜின் எதுக்கு உங்களுக்குப் பண்றான்? அவர் எங்க?

வேதநாயகி: கையைக் குடு கண்ணு.

சிந்து: மாட்டேன். யூஜின் என்ன சொன்னான்? சொல்லுங்க... அத்தை, என்னைப் பார்த்துச் சொல்லுங்க.

வேதநாயகி: மத்தியானம் கம்பெனியில இருந்து ஆள் வருவாங்க. தெருவுக்கே தெரிஞ்சுடும். அப்புறம் உன் கைல ஒத்த வளையலை விட்டுவைக்க மாட்டாங்க. எனக்குக் கழட்டினவங்கதானே, தெரியும்... அதுக்குள்ள அவன் பிள்ளை ஒரு தடவையாவது இந்தச் சத்தத்தைக் கேக்கட்டும். அந்தக் கையையும் குடும்மா.